லைனில் இருக்கிறார்

உலர்ந்த மணலை யாரோ முறத்தில் போட்டு, கொட்டவும் செய்யாமல், நிறுத்தவும் செய்யாமல், மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும் சத்தம். டிரங்க் கால் சேர்வதற்கு முன்னால் காதுக்குள் வருமே, அது. பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்தேன். பிறகு அதைக் கேட்பதற்காகவே வேலைக்குப் போனேன். ஹெட்செட்டை மாட்டி, இணைப்பு ஒயரை எடுத்து ஸ்விட்ச்போர்டுப் பலகையின் ஓட்டையில் செருகிவிட்டுக் காத்திருந்தால், மணலுக்கு அடியில் ஊர்கள் அசையும். கோவில்பட்டி அசையும். சாத்தூர் அசையும். மெட்ராஸ் ரொம்ப ஆழத்தில் கிடக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு ஊர் மேலே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க பாளையங்கோட்டை" என்று ஒரு பெண்ணின் குரலில் பேசும். இப்போது என் தலையில் இருக்கும் ஹெட்போனில் மணல் இல்லை. ஒன்றுமே இல்லை. கனமாக, வெதுவெதுப்பாக, பின்னாலிருந்து யாரோ இரண்டு கைகளால் காதைப் பொத்தியதுபோல இருக்கிறது. சாலிகிராமத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி இது. படுக்கையறையாகக் கட்டியதை ஸ்டூடியோவாக ஆக்கியிருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக. எதிரே மைக். மைக்குக்கு முன்னால் வளையத்தில் இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி. பூத்தையல் போடும் வளையம் போலிருக்கிறது, யாரும் பூப்போடாத வளையம். ஏசியை நிறுத்திவிட்டார்கள், அதன் சத்தம் பதிவாகிவிடுமாம். கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்குகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகன் ஜோயல் நிற்கிறான்.

சத்தம் இங்கே ஒருவழிப்பாதை. அந்தப் பக்கத்தில் ஷாகுல் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால்தான் எனக்குக் கேட்கும். விரலை எடுத்தால் அவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறார்கள், வாய் மட்டும் அசைகிறது. ஷாகுல்தான் பதிவு செய்கிறவன். என்னைப் பார்த்ததும் "கனகம்!" என்று நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றான். என் பெயர் கனகமணி. கனகம் என்பது என் மகன் வீடியோவில் போடும் வேஷத்தின் பெயர். இரண்டும் வேறு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டேன். "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சும்மா. அஞ்சு நிமிஷம். ஹெட்போன மட்டும் கழட்டாதீங்க, லெவல் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துவிட்டான். பக்கத்தில் பாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த பெண் ப்ரணிதா. கெட்ட பெண் இல்லை. இளநீர் வாங்கி வைத்திருந்தாள். "ஆன்ட்டி, நீங்க லெஜெண்ட்" என்றாள். அவள் வாய் அசைகிறது; ஜோயல் தலையாட்டுகிறான். இத்தனை தலையாட்டல் அவனுக்கு எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் வேண்டாம் என்றால் தரையில் விழுந்து புரளுகிறவன். வரும்போது காரில் சொன்னான், "எம்மா, வரிசையா மூணு பாட்டு போவல. இதுவும் போவலேன்னா கம்பெனி விட்டுரும். பொறவு துண்டப் போட்டுக்கிட்டு கல்யாண வீட்டுல ஆட வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஸ்டியரிங்கில் இருந்த கட்டைவிரல் மட்டும் தாளம் தப்பித் தட்டிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு வரிம்மா. ஆஸ்பத்திரில அப்பாட்டக் கேட்டேல்லா, அதக் கேளு. பாட்டு முடிஞ்சு, மியூசிக் எல்லாம் நின்ன பொறவு, ஒன் குரல் மட்டும். அழ வேண்டாம், நடிக்க வேண்டாம். சும்மா கேளு." நான் கேட்டேன், "அது ஒனக்கு எப்படில தெரியும்?" "பிளாஸ்க்க வச்சிக்கிட்டு வாசல்ல நின்னேன்." வடபழனி சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்ததும் "சரி" என்றேன்.

சரி என்று சொன்ன வாய்தான் இப்போது உலர்ந்து கிடக்கிறது. தவசிங் இருக்காரா? இரண்டே சொல். என் குரலில் ஜோயல் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சியிருப்பது இந்த இரண்டு சொல்தான். எடுத்துக்கொண்டான் என்று சொல்லலாமா? கேட்காமல் எடுத்தான், நான் சிரித்தேன், சிரித்ததும் அது கொடுத்ததாகிவிட்டது. முதல் வீடியோவை எனக்குக் காட்டியது ரோஸ்மேரி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நிற்கிறோம், போனை நீட்டுகிறாள். அதில் ஒரு உருவம், தலையில் தேங்காய்ப்பூத் துண்டைக் கொண்டைபோல முடிந்து, மூக்கில் கண்ணாடி நழுவ, கையில் கரண்டியோடு கத்துகிறது: "ஏல, எங்கல போயிட்டு வார? சோறு ஆறிப் போச்சுல! ஒனக்காவ அடுப்பு என்ன தவம் கெடக்குமா?" யாரிது என்று கேட்டேன். நிஜமாகவே தெரியவில்லை. பாதி வாழ்க்கையைப் பிறர் காதுக்குள் கழித்தவள், என் குரல் எனக்குத் தெரியவில்லை. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருன்னா கேக்க? நீதாம்ளா அது!" வீட்டுக்கு வந்தால் அவிய, ஜோயலின் அப்பா, அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கிறார். "பய ஒன்ன உரிச்சு வச்சிருக்காம்ட்டி. அந்தக் கடைசி எழுத்த ஒரு தூக்குத் தூக்குதாம் பாரு!" ஆமாம், கடைசி எழுத்து. அதைத் தூக்கி, மூக்குக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்லக் கீழே விடுவான். அதற்குத்தான் உலகம் சிரித்தது. அது என் வாயாடித்தனம் என்று அவன் நினைத்திருப்பான். கெட்ட லைனில் கடைசி எழுத்துதான் முதலில் செத்துப்போகும். அதைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னால்தான் மறுமுனையில் சொல் முழுசாகப் போய்ச் சேரும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தாள். வேலையில் பழகியது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பாளையங்கோட்டைக்கும் டில்லிக்கும் நடுவில் சொல்லைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த பழக்கம், துண்டு கட்டிய தலையில் போய் உட்கார்ந்தால் சிரிப்பாக இருக்கிறது. அவன்மேல் தப்பில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு அந்தப் பாட்டு. "ஏல எங்கல, சோறு ஆறிப் போச்சுல." மேளமும் மின்தாளமும் போட்டு நடுவில் கனகம் வந்து கத்துவாள். பஸ்ஸில் ஓடியது, மண்டபங்களில் ஓடியது, எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளில் ஓடியது. யாரோ மெல்போர்னிலிருந்து ஆடி அனுப்பினார்கள். ஆனால் ஜோயல் பாடுகிறவன், அது யாருக்கும் ஞாபகமில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவன். குரல் உடைகிற வயதுக்கு முன்னால் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் தனியாக ஒரு வரி எடுத்தபோது, பின்வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். பாட வேண்டும் என்றுதான் அந்தப் பையன் வீடியோவுக்கே வந்தான். இரண்டாவது பாட்டில் துண்டு இல்லை, கரண்டி இல்லை, கிடாரோடு உட்கார்ந்து மெதுவாகப் பாடினான். வீடியோவுக்குக் கீழே எல்லோரும் எழுதியது ஒன்றுதான், கனகம் எங்கே? கனகத்தைக் கூட்டிட்டு வா. ஈரோட்டில் ஒரு கல்லூரி விழா. மேடையில் கிடாரைச் சுருதி பார்த்துக்கொண்டிருக்கிறான். கூட்டம் "துண்டு, துண்டு" என்று ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு மூலையில், பிறகு மொத்த மைதானமும். அவன் சிரித்துக்கொண்டு கையை ஆட்டுகிறான், பாடத் தொடங்குகிறான். மேடைக்கு ஒரு துண்டு பறந்து வந்து விழுகிறது. பச்சைக் கோடு போட்ட துண்டு, யாரோ விடுதியிலிருந்து எடுத்து வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். கிடாரைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் முடிந்தான். அந்த வீடியோவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முடிச்சுப் போடும்போது அவன் முகம் துண்டுக்குள் மறைந்து வெளியே வரும் அந்த இடம் வரைக்கும்தான் பார்ப்பேன். அதற்கு மேல் சிரிப்பு. நான் நினைத்துக்கொள்வேன், என் குரலுக்குள் நான் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, அவனும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று. காய்கறிச் சந்தையில் தக்காளி பொறுக்கும்போது கேட்பார்கள், "எம்மா, ஒரு தடவ அந்த 'ஏல' சொல்லுங்கம்மா." சொல்வேன். "இல்லம்மா, ஒங்க மவன் சொல்லுதாப்புல வரல" என்பார்கள். அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிச் சொன்னேன், கை தட்டினார்கள், எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடிக்கக்கூடாது? எக்ஸ்சேஞ்சில் எனக்கு யார் கை தட்டினார்கள்? அங்கே குரல் இருந்தது, முகம் இல்லை. இப்போது முகமும் இருந்தது. ஒருநாள் சிலிண்டர் கசிகிறது என்று ஏஜென்சிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள். "சாரிம்மா, நீங்க கனகம் மாதிரியே பேசுறீங்க." எரிவாயு நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது, அவன் என்னைப்போல் பேசுகிறானா, நான் அவனைப்போல் பேசுகிறேனா? அதற்குப் பிறகுதான் நடந்தது மொட்டைமாடி. வேண்டாம். மொட்டைமாடி வேண்டாம். இப்போது அது வேண்டாம்.

ஷாகுல் மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகுகிறான். ஓட்டையும் செருகலும் இன்னும் மாறவில்லை. எங்கள் பலகையில் அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. பர்டிகுலர் பர்சன். குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் முழுக் கட்டணம், அதனால் ஆபரேட்டர் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டே ஆகவேண்டும். கல்யாணமான புதிதில் அவிய கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். என் மாமியார் வீட்டில் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். நான் பி.ஏ. படித்தவள், ஆங்கிலக் கவிதையெல்லாம் மனப்பாடம், ஆனாலும் சொல்லமாட்டேன். குடும்ப ஜெபத்தில்கூட "அவியளக் காப்பாத்தும் ஆண்டவரே" என்றுதான் வேண்டிக்கொள்வேன், ஆண்டவருக்கு ஆள் தெரியும். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் மருமகள் இல்லை. மத்தியானம் லைன் ஓய்ந்திருக்கும் நேரத்தில், லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற சாக்கில், கோவில்பட்டி ஆபரேட்டர் சரோஜா எனக்குத் தீப்பெட்டி ஆபீசைச் சேர்த்துத் தருவாள். பின்னால் சூப்பர்வைசரின் செருப்பு நடந்துகொண்டிருக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வேலைக்குரலில், "பி.பி. கால். மிஸ்டர் தவசிங் இருக்காரா?" என்று கேட்பேன். மணல் அசையும். யாரோ நாற்காலியை இழுப்பார்கள். பிறகு அவர் குரல், உலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராத குரலில், "தவசிங் லைனில் இருக்கிறார்." அவ்வளவுதான். ஒயரை உருவிவிடுவேன். விரல் நுனியில் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். பக்கத்துப் பலகையில் இருந்த பிரேமா, "என்னட்டி, கன்னம் செவக்கு? ராங் நம்பரா?" என்பாள். பிறகு அவர் திருநெல்வேலிக்கே மாற்றலாகி வந்து, பலகையும் போய், எண்ணைச் சுழற்றினால் தானே சேரும் காலம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் இருந்தது. அவர் சவரம் செய்துகொண்டிருப்பார், பின்னால் போய் நின்று, ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்ல, "தவசிங் இருக்காரா?" கண்ணாடியில் நுரை முகம் சொல்லும், "லைனில் இருக்கிறார்." சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் முதலில் யார் பேசுவது என்ற கஷ்டம் எங்களுக்கு வந்ததே இல்லை. ஜோயல் முன்னால் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. பிள்ளைக்கு முன்னால் அவர் "ஜோயலப்பா"தான். அதனால் துண்டு கட்டிய கனகத்துக்கு அது தெரியாது. கனகத்துக்குத் தெரியாத ஒரு குரல் எனக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வீட்டைப் பூட்டியாயிற்றா என்று சாவியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தொட்டுப் பார்த்தது கடைசியாக எப்போது? அவிய பக்கவாதத்தில் விழுந்த பிறகு வீட்டில் நான் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. "ம்" மட்டும் இருந்தது. பதில் வராத கேள்வியை எப்படிக் கேட்பது? இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு கனகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி வாய் சிரிக்கும். நான் கஞ்சியோடு நின்று, "ஜோயலப்பா, வாயத் தொறங்க, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவேன். என்னைப் பார்ப்பார், பிறகு போனைப் பார்ப்பார். போனில் இருந்தவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள். ஒருநாள் ஆத்திரமோ வேறென்னவோ, கொடியில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை உருவித் தலையில் முடிந்துகொண்டு, கரண்டியைத் தூக்கி, "ஏல, சோறு ஆறிப் போச்சுல! ஒமக்காவ அடுப்பு என்ன தவம் கெடக்குமா?" என்று கத்தினேன். வாயைத் திறந்துவிட்டார். சிரித்துக்கொண்டே முழுக் கஞ்சியையும் குடித்தார். அதற்குப் பிறகு தினமும் துண்டு. என் மகன் என்னைப்போல் செய்ததை நான் செய்து என் புருஷனுக்குச் சோறு ஊட்டினேன். அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே பேசினேன். துண்டை அவிழ்த்த பிறகும் குரல் அவிழவில்லை. மொட்டைமாடி. சரி, வரட்டும். வடகம் காயப்போட்டுவிட்டு இறங்கப்போகிறேன், கீழே அறையில் ஏதோ விழுந்து உருளும் சத்தம். மாடிப்படியோரத்து ஜன்னல் வழியாகக் குனிந்தால் அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிறார், வாய் ஒருபக்கம் நுரைத்திருக்கிறது. திரும்ப மேலே ஓடி, மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டில் சாரம் கட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். "ஏல... யாராவது வாங்கல..." சாரத்தின்மேல் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் மலர்ந்தது. ஒருவன் பெயின்ட் டப்பாவில் தாளம் போட்டான். மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள், "சோறு ஆறிப் போச்சுல!" மறுபடி கத்தினேன். மறுபடி பாடினார்கள். இன்னும் சத்தமாக, இன்னும் அன்பாக. அவ்வளவு அன்பாக. மூன்றாவது தடவை என்னிடம் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அப்போதுதான் ஒருவன் தாளத்தை நிறுத்தி, "எண்ணே, அந்தம்மா வெளையாடல" என்று சொல்லிச் சாரத்திலிருந்து குதித்தான். அவர்கள்தான் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஒருத்தன் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான். முன்னதாகக் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஜோயலிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லி என்ன? அந்தப் பாட்டை அவனால் திரும்ப வாங்க முடியுமா?

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் திரையை இழுத்துவிட்டு நர்ஸ் வெளியே போனாள். மூக்கில் ஆக்சிஜன். அந்தக் குழாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதே மணல். அதே முறம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாரோ லைனைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காதோரம் குனிந்து, வேலைக்குரலில், சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டிருப்பதுபோல, கேட்டேன். தவசிங் இருக்காரா? கடைசி எழுத்தை லைனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே தூக்கினேன். அதில் கனகம் இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மணல் அசைந்துகொண்டே இருந்தது. எந்த ஊரும் மேலே வரவில்லை. வாசலில் பிளாஸ்க்கோடு ஒரு காது நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் காதுதான் இந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறது. காரில் போட்டுக் காட்டினான். நல்ல பாட்டு. ஞானப்பாட்டின் கீழ்க்குரல்போல அடங்கிய இடத்தில் தொடங்கி, எங்கேயும் கத்தாமல், மெல்லப் படியேறிப் போய், ஒரு மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறது. கிறிஸ்துமஸில் இருமலை நிறுத்திய பையனின் குரல் அதில் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தப் பாட்டு ஓட வேண்டும். துண்டு இல்லாமல் அவன் ஒரே ஒருதடவை மேடையில் நிற்க வேண்டும். அதற்கு இந்த இரண்டு சொல்லைக் கேட்கிறான், கொடுக்கவேண்டியதுதானே? கொடுத்தால் அதுவும் பஸ்ஸில் ஓடும். அதற்கும் யாராவது டப்பாவில் தாளம் போடுவார்கள். போடட்டும். செத்தவருக்கு என்ன, லைன்தான் அறுந்துவிட்டதே. என் பயம் அதில்லை. ஹெட்போனைத் தலையில் வைத்ததிலிருந்து நான் சுற்றிச் சுற்றி வருவது வேறொன்றை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. சாவி இருக்கிறதா?

"அம்மா, கேக்குதா? சிஸ்டம் வந்திருச்சு." ஷாகுலின் குரல் காதுக்குள் வெடிக்கிறது. தலையாட்டினேன். "நீங்க பேசுறது உங்களுக்கே ஹெட்போன்ல கேக்கும், பயந்துராதீங்க. ரோலிங்." பக்கத்தில் ஜோயல் குனிந்து அதே பொத்தானை வாங்கிக்கொண்டான். "எம்மா, நாங்க யாரும் இல்லேன்னு நெனச்சிக்கோ. அப்பாட்ட மட்டும் கேளு." விரலை எடுத்தான். பஞ்சு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். தோளைப் பின்னால் தள்ளி, பாதங்களைச் சேர்த்து, பலகைக்கு முன்னால் உட்காருவதுபோல. பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். கோவில்பட்டி, பி.பி. கால். நுரை முகம். நாற்காலி இழுபடும் ஓசை. மூச்சை இழுத்தேன். "தவசிங் இருக்காரா?" கேட்டுவிட்டேன். கேட்ட அதே கணத்தில் அது காதுக்குள் திரும்பி வந்தது. அந்த "ரா" மேலே ஏறி, மூக்குக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கரண்டியோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெல்லக் கீழே இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷாகுல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரிக்கிறான். ப்ரணிதா இரண்டு கைகளையும் தட்டுகிறாள். அவள் உதடு "கனகம்" என்று குவிந்து விரிவது எனக்குத் தெரிகிறது. எல்லாம் சத்தமில்லாமல், எல்லாம் அன்போடு. இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினேன். "தவசிங் இருக்காரா?" மெதுவாகச் சொன்னேன். மெதுவாகப் பேசும் கனகம் வந்தாள். "தவசிங்..." அழப்போகும் கனகம் வந்தாள், ஷாகுலுக்கு இன்னும் சிரிப்பு. ஜோயல் சிரிக்கவில்லை. அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காது அது ஒன்றுதானே, அதற்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். பேசவில்லை. அழுத்திய விரலை எடுக்கவும் இல்லை. திறந்து கிடந்த லைனில் அந்த அறையின் ஓசை எனக்கு வந்துகொண்டிருந்தது, மெல்ல, நிற்காமல், உலர்ந்த மணலை யாரோ அசைத்துக்கொண்டிருப்பதுபோல. நான் காத்திருந்தேன்.

கனகத்தின் குரலில் அந்த வரியைப் போட ஜோயல் ஒத்துக்கொள்ளவில்லை; அந்தப் பாட்டு வெளிவரவே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஜோயல் தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.